அண்ணன் காசு அனுப்பாத மாதம்

எங்கள் வீட்டில் எந்த முடிவும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் எடுக்கப்படும். அப்போதுதான் கனடாவில் அண்ணனுக்கு விடிந்திருக்கும். அம்மா முன்னறை மேசையில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, கிழமை முழுக்கச் சேர்த்து வைத்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பார். மதிலுக்கு என்ன நிறம் அடிப்பது, தண்ணீர் மோட்டரைத் திருத்துவதா புதிதாக வாங்குவதா, ஒழுங்கை முனையில் நடக்கும் கல்யாணத்துக்கு என்ன கொடுப்பது. அண்ணன் யோசித்துச் சொல்வார். அம்மா "சரி தம்பி" என்பார். வீட்டில் இருந்தது அம்மாவும் நானும் மட்டும்தான். ஆனால் மதிலின் நிறத்தைப் பற்றி எங்களுக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கக்கூடும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்குமே தோன்றியதில்லை.

அண்ணன் கெட்ட மனிதர் அல்ல. அப்பா உப்புவெளிக் கரையில் இன்னொருவரின் வள்ளத்தில் பங்குக்குப் போய்வந்தவர். ஒரு நாள் கரையில் மயங்கி விழுந்தார். அண்ணன் அவரைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு ஓடியபோது முதலில் நின்ற ஓட்டோக்காரர், சீற்றில் மீன் மணம் ஏறும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஓட்டோ கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. முதல் ஓட்டோவில் ஏற்றியிருந்தாலும் அப்பா பிழைத்திருக்க மாட்டார் என்றுதான் டொக்டர் சொன்னார். அண்ணனின் காதில் அது விழவில்லை. அடுத்த வருடம் அவர் வெளிநாடு போனார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஒரு மாதம்கூடத் தவறாமல் காசு வந்தது.

அந்தக் காசு முதலில் எங்கள் ஓலைக் கூரையை ஓடாக்கியது. பிறகு வீட்டையே இடித்துக் கட்டி, மாபிள் பதித்து, மேலே இன்னொரு மாடி எழுப்பியது. அந்த மாடியில் ஒருவரும் இருக்கவில்லை. அண்ணன் குடும்பத்தோடு வந்து நிற்பதற்காக அதைக் கூட்டித் துடைத்துப் பூட்டி வைத்திருந்தோம். வீடு உயர உயர ஊரும் எங்களை வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கியது. கோயில் திருவிழாவில் ஒரு நாள் உபயம் எங்களுடையதானது. முன்பு அம்மாவை வாசலில் நிற்க வைத்துக் கதைத்தவர்கள் உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார்கள். அம்மா அதே அம்மாதான். நானும் அதே நான்தான். யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. கனடாக்காரனின் தங்கச்சி என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

உயர்தரம் படித்து முடித்ததும் நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை கிடைத்தது. உடுப்புக்கு அளவுகூட எடுத்துவிட்டார்கள். அந்த ஞாயிறு அண்ணன் ஒரே வசனத்தில் அதை முடித்து வைத்தார்.

"நான் அனுப்பிறன்தானே, பிறகேன் நீ போய் ஆரிட்டையோ கைகட்டி நிக்கோணும்?"

நான் போகவில்லை. அதற்குப் பிறகு தையல் வகுப்பு, கம்ப்யூட்டர் வகுப்பு, கேக் ஐசிங் வகுப்பு என்று என்ன கேட்டாலும் காசு வந்தது. எதிலும் நான் நிலைக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று அம்மா சொன்னார், நானும் அப்படித்தான் நம்பினேன். இப்போது யோசித்தால் அது வேறு ஒன்று. கேட்ட மாத்திரத்தில் எல்லாம் கையில் வந்து விழுந்ததில், ஒரு விடயத்தைத் தேவை என்று நினைத்துக் காலையில் எழும்பும் பழக்கமே எனக்கு இல்லாமல் போயிருந்தது. மணியைப் பார்ப்பேன், சாப்பிடுவேன், ரி.வி. பார்ப்பேன், மறுபடியும் மணியைப் பார்ப்பேன்.

பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் வந்தது. ரூபாய் விழுந்ததில் அண்ணனின் டொலர் எங்கள் கையில் இரண்டு மடங்காகியது. சுற்றியிருந்த வீடுகளில் அடுப்பு எரியாத நாட்களில் எங்கள் வீட்டில் மட்டும் காசு பெருத்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒழுங்கையில் நடக்கக் கூச்சமாக இருந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் எஞ்சின் வள்ளங்கள் மணலில் கிடந்தன. தோணியில் துடுப்புப் போட்டுக் கரையோரமாகப் போனவர்கள்தான் கொஞ்சம் மீன் கொண்டுவந்தார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு நேர்ஸ் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர் எங்கள் வாசலில் நின்று, கடலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீன் தின்ன வழியில்லை என்று சிரித்தார். காலை மீன் வரும் நேரம் அவர் வேலையில் நிற்பார். திரும்பி வரும்போது மீன் இராது. இருந்தாலும் வெட்டிக் கழுவித் துப்புரவாக்க உடம்பில் தெம்பு இராது.

அடுத்த நாள் காலை நான் கரைக்குப் போய்க் கொஞ்சம் விளைமீன் வாங்கினேன். அப்பாவின் கத்தியை அம்மா புது வீட்டிலும் குசினிச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். செதிள் சுரண்டி, குடல் எடுத்து, கறிக்கு அளவாக வெட்டி, உப்புத் தண்ணீரில் கழுவி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பின்னேரம் அவரிடம் கொடுத்தேன். அவர் காசை நீட்டினார். அயலவரிடம் காசு வாங்குவதா என்று நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவர் கையை மடக்கவில்லை. "நீங்க வாங்காட்டி நாளைக்கு நான் எப்பிடித் திரும்பக் கேக்கிறது? ஒருக்கா சும்மா வாங்கலாம். ரெண்டாந்தரம் வெக்கமா இருக்கும். காசு தந்தனெண்டால் நாளைக்கு முள்ளுக் கூடிப்போச்சு எண்டு சொல்லிச் சண்டை பிடிக்கவும் ஏலும்."

நான் வாங்கிக்கொண்டேன். அந்தப் பேச்சை அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். சும்மா வாங்குகிறவர்களால் எதையும் கேட்க ஏலாது. எனக்கு அது தெரியாதா? மதிலின் நிறத்தைக்கூடக் கேட்காமல் இத்தனை வருடம் இருந்தவள் நான்.

அந்த அக்கா தன் வார்டில் சொன்னார். வார்டிலிருந்து பள்ளிக்கூட ஆசிரியைகளுக்கும், அங்கிருந்து துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் வீடுகளுக்கும் கதை போனது. சூடு ஏறாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, பின்னேரம் டவுன் வரை மிதித்தேன். தொடக்கத்தில் கூச்சத்தில் விலையைக் குறைத்துச் சொன்னேன். பழைய மீனோ என்று சிலர் மணந்து பார்த்தார்கள். விலையைக் கூட்டினேன். மணப்பது நின்றுவிட்டது. இதே கரையில் இதே மீனை அப்பா மணலில் கொட்டி, எடுக்கிறவன் சொன்ன விலைக்குக் கொடுத்தவர். மீன் மாறவில்லை, கடலும் மாறவில்லை. விலையைச் சொல்வது யார் என்பதுதான் மாறியிருந்தது.

இவ்வளவும் நடக்கும்போது அம்மா குசினியில் வாயைத் திறக்காமல் நின்றார். ஊர் திறந்தது. கனடாக்காரனின் தங்கச்சி மீன் வெட்டி விற்கிறாள் என்று, ஒவ்வொரு மாபிளாக ஏறிய எங்கள் மதிப்பு ஒரே கிழமையில் இறங்கியது. எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த மாப்பிள்ளையின் தாய் ஒரு நாள் வந்து, தேத்தண்ணி குடித்து, பின் வளவில் காய்ந்துகொண்டிருந்த வெட்டுப் பலகையைப் பார்த்துவிட்டுப் போனவர், பிறகு வரவே இல்லை. எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

செய்தி கனடாவுக்கும் போனது. அந்த ஞாயிறு அண்ணன் அம்மாவின் கேள்விகளுக்குக் காத்திருக்கவில்லை.

"நீ மீன் வெட்டி விக்கிறியாம்."

"ஓம் அண்ணா."

"உனக்கு நான் என்ன குறை வச்சனான்?"

"ஒண்டும் இல்லை."

"அப்பாவை ஏத்த மாட்டன் எண்டு சொல்லிப் போட்டுப் போனான் ஒருத்தன். அந்த மணத்தைக் கழுவத்தான் நான் இஞ்ச வந்தனான். நீ திரும்பவும் அதைப் பூசிக்கொண்டு டவுன் முழுக்கத் திரியிறாய்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் நான் அப்போது உணர்ந்ததைச் சொன்னேன். "அண்ணா, இது நான் உழைக்கிற காசு. எனக்கு இது பிடிச்சிருக்கு."

அண்ணன், அப்படியானால் தன்னுடைய காசு எங்களுக்குத் தேவையில்லை என்றும், இனி அனுப்பப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.

அந்த மாதம் காசு வரவில்லை. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காப்பை அடகு வைப்போமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அந்த மாதம் நான் பயந்ததுபோல் வேறு எப்போதும் பயந்ததில்லை, அந்த மாதம் உழைத்ததுபோலவும் உழைத்ததில்லை. விடிய முதல் கரைக்குப் போனேன். கிண்ணியாப் பக்கத்திலிருந்து இறால் கொண்டுவருகிற ஒருவரிடம் பேசி இறாலும் எடுத்தேன். அது நிறைய வந்தபோது ஒரு ஆளால் உரிக்க முடியவில்லை. அம்மா தானாகவே பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தார். என்னைவிட வேகமாக உரித்தார். கிழமை முடிவில் நான் அவருடைய கையில் சம்பளம் வைத்தேன்.

"வீட்டு வேலைக்கு ஆர் பிள்ளை சம்பளம் குடுக்கிறது?" என்றார்.

"இது வீட்டு வேலை இல்லை அம்மா. வேற ஆள் வச்சாலும் குடுக்கத்தானே வேணும்."

அறுபதைத் தாண்டிய அம்மாவுக்கு அதுதான் முதல் சம்பளம். ஒரு கிழமை அதை என்ன செய்வதென்று தெரியாமல் தலையணைக்குக் கீழ் வைத்திருந்தார். பிறகு டவுனுக்குப் போய்ப் பிரஷர் பார்க்கும் மெசின் ஒன்று வாங்கி வந்தார். யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த சம்பளத்தில் ஒழுங்கையில் பிள்ளை பெற்றிருந்த ஒருத்திக்கு நல்ல துணி எடுத்துக் கொடுத்தார். அதற்கும் கேட்கவில்லை. மாத முடிவில் கரண்ட் பில்லும் மருந்தும் வீட்டுச் சாமானும் எல்லாம் எங்கள் உழைப்பிலேயே முடிந்தன. அன்று நான் குசினி வாசலில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். அம்மா ஏன் என்று கேட்காமல் தானும் சிரித்தார்.

சில கிழமைகள் கழித்து, காலை ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து அண்ணி ஃபோன் எடுத்தார். அண்ணன் பக்கத்தில் இல்லாமல் அவர் எடுப்பது அதுதான் முதல் தடவை. அண்ணன் கோபித்துக்கொண்டிருக்கிறாரா என்று கேட்டேன். நித்திரை கொள்கிறார் என்றார் அண்ணி. அதைச் சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது. எங்களுக்கு அண்ணன் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று மட்டும்தான் தெரியும். அது முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, ஆட்கள் வேலை முடிந்து போன கந்தோர்களைக் கூட்டித் துடைக்கும் இன்னொரு வேலைக்கும் இத்தனை வருடமாகப் போய்வந்திருக்கிறார். அந்த இரண்டாவது வேலைதான் எங்கள் வீட்டுக்கு வந்த காசு. அனுப்புவதை நிறுத்திய மாதம், ஒரு வீம்பில் அந்த வேலையையும் விட்டிருக்கிறார்.

"இப்பத்தான் பிள்ளையளோட இருந்து சாப்பிடுறார்," என்றார் அண்ணி. "மகனுக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினவர். ஆனால் மனசுக்குள்ள குற்றம் செய்தவர் மாதிரி இருக்கிறார். அவருக்குத் தானா நிப்பாட்டத் தெரியேல்ல. நீங்கள்தான் நிப்பாட்டி விட்டிருக்கிறீங்கள்."

நான் அந்த மாபிள் தரையில் இருந்துவிட்டேன். அவர் எங்களைக் கட்டி வைத்திருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். கயிற்றின் மறுமுனையில் அவர் கட்டுண்டு கிடந்ததை நினைத்துப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு நானே அண்ணனுக்கு எடுத்தேன். கோபத்தில் சொல்லவில்லை என்று முதலில் சொன்னேன். எங்களுக்குப் போதுமான அளவு வருகிறது, இனி அனுப்ப வேண்டாம், பிள்ளைகளுக்கு வையுங்கள் என்றேன். அவர் சின்னக் குரலில் கேட்டார்.

"அப்ப நான் உங்களுக்கு இனி ஆர்?"

இவ்வளவு காலமும் அவர் பயந்தது இதற்குத்தான் என்று அப்போது விளங்கியது. காசு நின்றால் தானும் நின்றுவிடுவோம் என்று நினைத்திருக்கிறார். அம்மா ஃபோனை என் கையிலிருந்து வாங்கினார்.

"காசு அனுப்பாத மாதமும் நீ என்ட பிள்ளையாத்தான் இருந்தனீ," என்றார். "எப்ப வாறாய்? அதைச் சொல்லு."

அதுவரை அம்மா அண்ணனிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் காசுக்குள்ளேதான் அடங்கியிருந்தன. இந்தக் கேள்விக்கு அண்ணன் அழுதார்.

அடுத்த ஓகஸ்ட் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. நான் அதற்குள் பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கியிருந்தேன். கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அண்ணனின் கை தன்பாட்டில் காற்சட்டைப் பைக்குள் போகும். நான் அதற்கு முதல் காசைக் கொடுத்துவிடுவேன். முதல் கிழமை அவர் சங்கடப்பட்டார். கடைக்காரர்களைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் கிழமை, ஐஸ்கிறீம் கடையில் பிள்ளைகளோடு சேர்ந்து தனக்கும் ஒன்று வேண்டும் என்று என்னிடம் கேட்டார். நான் வாங்கிக் கொடுத்தேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

ஒரு பின்னேரம் மீன் கொடுக்கப் போகும்போது தானும் வருவதாகச் சொல்லிப் பின்னால் ஏறினார். ஐஸ் பெட்டி நடுவில், அவர் அதைக் கட்டிப் பிடித்தபடி. துறைமுகப் பக்கத்துக் குவாட்டர்ஸ் ஒன்றில் ஒரு வயதான அம்மா கேற்றைத் திறந்து, யாரிவர், புதிதாக வேலைக்கு வைத்த ஆளா என்று என்னிடம் கேட்டார். அண்ணன் முந்திக்கொண்டார்.

"இல்லையம்மா. நான் இவவின்ட அண்ணன்."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்கட தங்கச்சி வந்த பிறகுதான் நாங்கள் மீனை மீன் மாதிரித் தின்கிறோம் என்றார். வீட்டுக்கு வந்து இறங்கியதும் அண்ணன் தன் கையை மணந்து பார்த்தார். சோப்புப் போடப் போகாமல் அப்படியே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். பூட்டிக் கிடக்கும் மேல்மாடியை அவர்கள் போன பிறகு நேர்ஸ்மாருக்கு வாடகைக்கு விடலாமா என்று அன்றுதான் கேட்டேன். உன்ட வீட்டை விடுறதுக்கு என்னட்ட ஏன் கேட்கிறாய் என்றார்.

அவர்கள் திரும்பிப் போவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது, அம்மா காலைச் சாப்பாட்டில் ஓர் அறிவிப்புச் செய்தார். நாளைக்கு எல்லோரும் திமிங்கிலம் பார்க்கப் போகிறோமாம். வெளிநாட்டுக்காரரை ஏற்றிப் போகும் படகொன்றைக் கரையில் பேசி, தன்னுடைய சம்பளத்தில் முழுக்காசையும் கொடுத்து முடித்துவிட்டாராம். காசைத் தான் தருவதாக அண்ணன் எழும்பினார். நானும் எழும்பினேன். அம்மா இரண்டு பேரையும் இருக்கச் சொன்னார்.

"உங்கட அப்பாவோட இருந்த காலம் முழுக்கக் கரையில நிண்டு பாத்துக்கொண்டிருந்தனான். ஒரு நாளும் ஏத்திக்கொண்டு போகேல்ல. பொம்பிளையளுக்கு என்ன கடல் எண்டுவார். இப்ப நான் போறன். விருப்பமெண்டால் நீங்களும் வாங்கோ."

காலையில் செம்மஞ்சள் மிதவை அங்கியைச் சேலைக்கு மேல் இறுக்கிக்கொண்டு அம்மா படகின் முன் பலகையில் இருந்தார். பேரப்பிள்ளைகள் இரண்டு பக்கமும். எஞ்சின் பிடித்ததும் கண்ணை மூடினார். கரை சின்னதாகி, கடல் நீலம் மாறிக் கறுக்கத் தொடங்கிய இடத்தில் கண்ணைத் திறந்தவர், பிறகு மூடவே இல்லை. அண்ணிக்குத் தலை சுற்றியது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. படகுக்காரரிடம் ஆழம் எவ்வளவு, அந்தப் பக்கம் போனால் என்ன வரும், ஏன் இவ்வளவு மெதுவாக ஓட்டுகிறார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். காசு கொடுத்தவரின் குரல் அதில் நன்றாகவே கேட்டது.

நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. டொல்பின்கள் ஒரு கூட்டம் வந்து போயின. பிறகு படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினார். தண்ணீர் உயரமாகப் பீறிட்டது. அதற்குக் கீழே கரும்பச்சையாக ஒரு முதுகு எழும்பியது. எழும்பி, முடியாமல், இன்னும் இன்னும் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். அண்ணன் படம் எடுக்க மறந்து ஃபோனைக் கையில் பிடித்தபடி நின்றார்.

அம்மா எழும்பி நின்றார். விழுந்துவிடுவார் என்று நானும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கப் போனோம். அவர் எங்கள் கைகளைத் தட்டிவிட்டார்.

"பார் மனுசனை," என்றார், அந்த முதுகு தண்ணீருக்குள் போய் மறைந்த இடத்தைப் பார்த்தபடி. "இவ்வளவையும் உங்கட அப்பா தனிய வச்சுக்கொண்டு இருந்திருக்கிறார்."

பிறகு படகுக்காரரின் பக்கம் திரும்பி, இன்னும் நேரம் இருக்கிறது, திரும்ப வேண்டாம், அப்படியே கொஞ்சம் முன்னுக்கு விடுங்கோ என்றார். அவர் விட்டார்.